நாக்குக்கு அடியில் வைக்காத மாத்திரை

மலைக்குப் போஸ்டிங் போட்டுவிட்டார்கள் என்று புது டாக்டர்கள் அழுகிறீர்களாம். அழுங்கள். போளூரில் பஸ் ஏறும்போது நானும் அழுதேன். ஆனால் மலையில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, சளி, காய்ச்சல், பாம்புக்கடி, அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணிக்காலம் முழுக்க ஏசி அறையை விட்டு வெளியே வராதவன்தான் அப்படிச் சொல்வான். இருதய வைத்தியத்தில் நான் படித்த பெரிய பாடம் ஜவ்வாது மலையில், மழை பெய்தால் பிரசவ அறைக்குள் பக்கெட் வைக்க வேண்டிய ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்தது. இனிப்பாகச் சொல்ல எனக்கு வராது. நான் மலையடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பெண். பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரைச் சொல்லப்போவதில்லை. தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் வேறு வேலை பாருங்கள்.

முதலில் கொஞ்சம் படிப்பு. உங்களுக்குத் தெரியும் என்பீர்கள். பரீட்சைக்குத் தெரிவது வேறு, பத்துப் பேர் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும்போது தெரிவது வேறு.

நம் ரத்தக் குழாயின் உள்சுவர் ஒரு வாயுவைத் தயாரிக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு. வண்டிப் புகையில் வருகிற அதே வாயுதான். உடம்புக்குள் அது தூது போகிறது. சுவரிலிருந்து கசிந்து பக்கத்துத் தசைக்குள் போய், 'இறுக்கத்தை விடு' என்கிறது. தசை விடுகிறது, குழாய் விரிகிறது. சொன்ன மாத்திரத்தில் தூதன் செத்துப் போவான். அவன் சொன்ன செய்தி மட்டும் தசைக்குள் இருக்கும். அதை அழிக்கவும் உடம்பில் ஆள் உண்டு. திறப்பதற்கு ஒருவன், மூடுவதற்கு ஒருவன். ஏரி மதகு மாதிரி. இரண்டு பேரும் வேலை செய்கிற வரைக்கும் வயலுக்குத் தண்ணீரும் வரும், ஏரியும் வற்றாது.

நெஞ்சுவலிக்காரருக்கு நாக்குக்கு அடியில் வைக்கிறோமே நைட்ரேட் மாத்திரை, அது இந்த வாயுவைத்தான் கொண்டுவந்து கொட்டுகிறது. குழாய் விரியும், இதயத்தின் பாரம் குறையும், வலி அடங்கும். நல்ல மருந்து. இன்னொரு மாத்திரை இருக்கிறது. ஆண்மைக்கு என்று கீழே கடைகளில் சீட்டு இல்லாமல் விற்கிறார்களே, அது. அது மூடுகிறவன் கையைக் கட்டிப்போடும். இரண்டையும் ஒரே உடம்பில் போட்டால்? மதகு திறந்தே கிடக்கும், மூட ஆள் இல்லை. ரத்த அழுத்தம் தரைக்குப் போகும். ஏற்கெனவே அடைபட்டு ரத்தத்துக்கு ஏங்குகிற இதயம் நின்று போகும்.

இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 'நைட்ரேட் கொடுக்கும் முன் கேள்' என்று போட்டிருக்கும். யாரைக் கேட்பது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

எங்களிடம் வந்துகொண்டிருந்த ஊர்களில் ஒன்றில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனுக்கு உடம்பு முடியவில்லை என்றால், டாக்டர் கேட்கிற கேள்விக்கு அவன் வாயைத் திறக்கக் கூடாது. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கூடவே வருவார். நாம் கேட்பதற்கெல்லாம் அவர்தான் பதில் சொல்வார். எப்போதிலிருந்து வலி? கவுண்டர் சொல்வார். வெளிக்குப் போனானா? அதையும் கவுண்டர் சொல்வார். அவர் இல்லாமல் ஒருவன் மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால் அவனை ஊர் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். அதனால் கவுண்டர் போகாத ஆம்புலன்ஸ் அந்த ஊரில் கிடையாது. கேலி செய்யாதீர்கள். நடு ராத்திரியில் டோலி கட்டித் தூக்கிவர அந்த ஊரில் ஆள் பஞ்சம் வந்ததே இல்லை. உங்கள் அபார்ட்மெண்டில் பக்கத்து வீட்டுக்காரன் வருவானா?

அந்தக் கவுண்டருக்கும் முன்பொரு தடவை நெஞ்சுவலி வந்தது. நாங்கள்தான் நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து, கீழே அனுப்பிப் பிழைக்க வைத்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்லி அந்த மாத்திரையில் ஒரு அட்டை கொடுத்தார்கள். அதை இடுப்பில் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். அதிலிருந்து ஆரம்பித்தது வினை. நெஞ்சைப் பிடிக்கிறது என்று எவன் சொன்னாலும் கவுண்டர் பையை அவிழ்ப்பார். வாயுப் பிடிப்புக்காரனுக்கு வைத்தார், மூட்டை தூக்கிச் சுளுக்கினவனுக்கு வைத்தார். வைத்ததும் அவர்களுக்குத் தலை வலித்தால், "மருந்து ஏறுதுடா" என்பார். நான் திட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். பையை விடவில்லை.

புளி உலுக்குகிற காலம். ஒரு நாள் காலையில் அந்த ஊரிலிருந்து சின்னாண்டியைத் தூக்கி வந்தார்கள். ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். சாமை விதைக்கிறவர். முதல் மனைவி இறந்து சில வருஷம் கழித்து, அந்தத் தையில்தான் மறுபடி கல்யாணம் செய்திருந்தார். மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வியர்த்துக் கொட்டியிருந்தது. நல்லவேளை, அன்றைக்குக் கவுண்டர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தார். ரோட்டுக்கு வந்துதான் சேர்ந்துகொண்டார். அங்கே பிடித்த வேனில் முன்சீட்டில் உட்கார்ந்ததால் பையை அவிழ்க்க முடியவில்லை. இல்லையென்றால் சின்னாண்டி எங்கள் வாசலுக்கே வந்திருக்க மாட்டார்.

என்னோடு அப்போது ஒரு இளம் டாக்டர் இருந்தாள். உங்களை மாதிரி புதுசு. ஆனால் கை நடுங்காதவள். இசிஜி எடுத்தாள். மாரடைப்பு என்று இசிஜி காகிதமே சொன்னது. ஆஸ்பிரினை மென்று விழுங்க வைத்தாள், நரம்பில் ஊசி வழி போட்டாள், 108-க்குச் சொன்னாள். அடுத்து, நைட்ரேட். அழுத்தம் தாழ்வாக இருந்தது, ஆனால் கொடுக்கவே கூடாது என்கிற அளவுக்கு இல்லை. அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். வேறு ஏதாவது மாத்திரை போடுகிறாரா என்றாள். கவுண்டர், ஒன்றும் கிடையாது, மலைக்காரன் உடம்பு, மாத்திரையே தெரியாது என்றார். அவள் அட்டையைக் கிழித்தாள். கேள்வி சரி. பதில் சொன்ன ஆள்தான் சரியில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த நேரத்தில் சின்னாண்டி எதிர்ச் சுவரைப் பார்த்து முனகினார்.

"இன்னா, செவுத்துக்கு நீலம் அடிச்சிட்டீங்களா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். மயக்கத்தில் உளறுகிறான் என்று ஒருவர் சொன்னார். எங்கள் சுவர் வெள்ளை. அழுக்கு வெள்ளை. மற்ற எல்லாவற்றிலும் அந்த மனிதனுக்குத் தெளிவு இருந்தது. நர்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். முகம் வேறு, வியர்வைக்கு நடுவிலும், லேசாகச் சிவந்திருந்தது. வெள்ளையை நீலமாகக் காட்டுகிற மருந்து எது என்று எனக்கு மண்டையில் அடித்தது. புது மாப்பிள்ளை என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

நான் படித்த காலத்தில் ஒரு பேராசிரியர் இருந்தார். வாயைத் திறந்தால் வசவு. மாணவர்களை மாடு என்பார். அவர் சொன்னதில் பாதியை நான் ஒத்துக்கொண்டதில்லை. ஒன்றை மட்டும் விடவில்லை: கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்றாவது மனிதன் நிற்கும்போது கிடைக்கிற பதில், அந்த மூன்றாவது மனிதனுக்கான பதில்.

இளம் டாக்டர் கையிலிருந்த மாத்திரையை வாங்கித் தட்டில் போட்டேன். எல்லாரும் வெளியே போங்கள் என்றேன். ஊர்க்காரர்கள் நகர்ந்தார்கள். புது மனைவி புடவையை வாயில் வைத்துக்கொண்டு போனாள். கவுண்டர் நகரவில்லை.

"நீங்களும்தான், கவுண்டரே."

"நானா?"

"உங்களத்தான் சொல்றேன்."

 அவரை வெளியே போகச் சொன்னவர்கள் அதுவரை யாரும் இல்லை. அவர் இடுப்புப் பையை அவிழ்த்து, "மாத்திரய வெச்சிட்டுப் போறேன், நீங்க வெக்காட்டி நான் வெக்கிறேன்" என்று கட்டிலைப் பார்த்து வந்தார். நான் குறுக்கே நின்றேன். கை ஓங்கவில்லை, கத்தவில்லை. நகரவும் இல்லை. கடைசியில் அவர் போனார். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

தாழ் போட்ட உடனே உண்மை கொட்டிவிடும் என்று நினைக்காதீர்கள். கேட்டேன். சின்னாண்டி ஒன்றுமில்லை என்றார். பொம்பளை டாக்டரிடம் சொல்லக் கூச்சம். மறுபடி கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். அப்போது எனக்கு நாசூக்கு வரவில்லை. நாசூக்குக்கு நேரமும் இல்லை.

"இதோ பாருப்பா. அந்த மாத்திரய நீ போட்டிருந்து, நான் இந்த மாத்திரய வெச்சா, நீ செத்துருவே. போடலன்னு நீ பொய் சொன்னா, உன்னக் கொன்னது நானாவேன். எனக்கு அந்தப் பேரு வாணாம்."

அவர் கதவைப் பார்த்தார்.

"வெளிய போவாதுங்களே?"

"என் வாயால போவாது. உன் வூட்டுக்காரிகிட்டயும் சொல்ல மாட்டேன், கவுண்டர்கிட்டயும் சொல்ல மாட்டேன். வைத்தியம் பாக்கற டாக்டருக்கு மட்டும் சொல்வேன்."

"விடியறதுக்கு முன்னாடிங்க. ரெண்டு போட்டேன். ஒண்ணு போதும்னு கடக்காரன் சொன்னான், நான்தான்..."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நீலச் சுவர்.

நைட்ரேட் கிடையாது என்று முடிவானது. வலிக்கு ஊசி போட்டோம், நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினோம். ஆம்புலன்ஸ் வந்தது. அப்போதுதான் எனக்கு அடுத்த பள்ளம் தெரிந்தது. கவுண்டர் ஏறுவார். ஏறித்தான் ஆகவேண்டும், அது ஊர் மானம். அவர் இடுப்பில் மாத்திரை இருக்கிறது. மலைப்பாதை வளைவுகளில் சின்னாண்டி வலியில் ஒரு முனகல் முனகினால் போதும், வாயைத் திறக்கச் சொல்லி வைத்துவிடுவார். வைக்காதீர்கள் என்று சொன்னால் ஏன் என்பார். ஏன் என்று நான் சொல்ல முடியாது.

பையைக் கொடுத்துவிட்டு ஏறுங்கள் என்றேன். "அது என் உசுருங்க" என்றார். அதுவும் சரிதான். அவருக்கும் இருதய நோய். போகிற வழியில் அவருக்கு வலி வந்தால் நான் என்ன சொல்வேன்? அவரை இறக்கிவிட்டால் சின்னாண்டி ஊர் கைவிட்டவனாகப் போவான். சரி, நானே ஏறினேன். அனுமதி இல்லாமல் நிலையத்தை விட்டுப் போகக் கூடாது என்று விதி. அனுமதி கேட்க அடித்த போனை மேலிடத்தில் எடுக்கவில்லை. இளம் டாக்டரிடம், "பாத்துக்கோ" என்றேன். "போங்க மேடம்" என்றாள். இப்படிப்பட்ட கூட்டாளி கிடைத்தால் விடாதீர்கள்.

கட்டிலுக்கும் கவுண்டருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். வண்டி ஒவ்வொரு வளைவிலும் எங்களை ஒருவர் மேல் ஒருவராகத் தள்ளியது. பாதி இறக்கத்தில் சின்னாண்டிக்கு வலி மறுபடி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை உதைத்தார். அழுத்தம் பார்த்தேன். இறங்கியிருந்தது. திரவத்தை வேகமாக விட்டேன். திரும்பினால் கவுண்டர் அட்டையைப் பிரித்து மாத்திரையை விரலில் வைத்திருந்தார். மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் என்னைவிடப் பலசாலி. ஆனால் ஒரு பெண் கையை உதற அவருக்கு மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்தை நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

"எனக்கு வெச்சீங்க, பொழச்சேன். இவனுக்கு வாணாங்கறீங்க. இவன் இன்னா பாவம் பண்ணான்?" என்றார். 

 என்ன சொன்னாலும் அது சின்னாண்டியின் ரகசியத்தில் போய்த்தான் முட்டும். கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சொல்லிவிடுவேனோ என்று பார்த்தார். செத்தாலும் பரவாயில்லை, சொல்லாதே என்கிற பார்வை அது. கோபம் வந்தது எனக்கு. ஆனாலும் மணிக்கட்டை விடவில்லை, வாயையும் திறக்கவில்லை. மலை முடிந்து சமவெளி வரும் வரைக்கும் அப்படியே வந்தோம்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டரின் முதல் கேள்வியே நைட்ரேட் கொடுத்தாயிற்றா என்பதுதான். கவுண்டர் முந்திக்கொண்டு, "குடுக்கவே மாட்டேன்னுட்டாங்க சார்" என்றார். நான் அந்த டாக்டரின் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, காதில் மருந்தின் பெயரையும் எப்போது போட்டார் என்பதையும் சொன்னேன். அவர் ஒரு நொடி சின்னாண்டியைப் பார்த்தார். தலையசைத்தார். "பெரியவரே, கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். கவுண்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். படித்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள் என்று அவர் அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டார். அடைப்பை எடுத்தார்கள். சின்னாண்டி பிழைத்தார்.

கைதட்டி விடாதீர்கள். எனக்குக் கிடைத்தது வேறு. டாக்டரம்மா உயிர் போகிறவனுக்கு மருந்து மறுத்தாள், ஊர்க்கவுண்டரைக் கழுத்தைப் பிடிக்காத குறையாக வெளியே தள்ளினாள் என்று மேலிடத்துக்கு மனு போனது. கேட்காமல் நிலையத்தை விட்டுப் போனதற்கு மெமோ வந்தது. நோயாளியோடு போனேன், மறுபடி நேர்ந்தாலும் போவேன் என்று பதில் எழுதினேன். அதைவிட வலித்தது, ஊர் வருவதை நிறுத்தியது. எங்கள் வாசலைத் தாண்டி இன்னும் தூரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தடுப்பூசிக்கு நர்ஸை அனுப்பினால் கதவைச் சாத்தினார்கள்.

சமாதானம் பேச ஒரு அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்தில் கூட்டம். வழியில் என்னிடம், காரணத்தைச் சொல்லிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் மேடம், எதற்கு வீம்பு என்றார். அது என்னுடைய காரணம் இல்லை, சொல்ல எனக்கு உரிமையில்லை என்றேன். அப்படியானால் ஒரு வார்த்தை மன்னிப்பாவது கேளுங்கள் என்றார். எதற்கு? அவன் பிழைத்ததற்கா?

கூட்டத்தில் எல்லாரும் பேசினார்கள். ஒரு கிழவர், என் படிப்பு மேலேயே சந்தேகம் என்றார். கவுண்டர் மட்டும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் சின்னாண்டி, இளைத்துப்போய், பக்கத்தில் மனைவியோடு. என்னைத் திட்டத் திட்ட அவர் நெளிந்தார். கடைசியில் எழுந்தார்.

"அது இன்னான்னாங்க..."

"உக்காரு" என்றேன்.

"இல்லீங்க டாக்டரம்மா, நானே..."

"உக்காருன்னு சொன்னேன்ல."

உட்கார்ந்தார். ஊரே என்னைப் பார்த்தது, நோயாளியைக்கூடப் பேசவிடாத திமிர் பிடித்தவள் என்று. பார்க்கட்டும். நாலு பக்கமும் ஊர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் நெருக்கடியில் உடைத்துச் சொல்வது உண்மையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். அவன் மானத்தை விற்று என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் மலை ஏறவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

புளி முடிந்தது, மழையும் வந்தது. சாமை விதைப்பு முடிந்த பிறகு ஒரு நாள் காலையில், வாசலில் சத்தம். அந்த ஊர்க்காரர்கள். கைக்குழந்தைகள், காய்ச்சல்காரர்கள், முன்னால் கவுண்டர். வழக்கம் போலக் கூட்டமாக அறைக்குள் வந்தார்கள். நான் இன்றைக்கும் ஒரு சண்டைக்குத் தயாரானேன். கவுண்டர் திரும்பி, எல்லாரும் வெளியே இருங்கள் என்றார். நர்ஸைக் காட்டி, "அந்தம்மாவும் போவட்டுங்க" என்றார். அவரே கதவைச் சாத்தினார். தாழ் எங்கே என்று தேடிப் போட்டார்.

எதிரில் உட்கார்ந்து சுருக்குப்பையை மேஜைமேல் வைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நீல மாத்திரைகள். இரண்டு குறைந்திருந்தது.

"குடுத்தவன், மொதல்ல டாக்டரம்மாவைத் தனியா பாத்துட்டு தொடுன்னான். யாருன்னு கேக்க வாணாம்."

"கேக்கல."

"அன்னிக்கி வண்டில என் கையப் புடிச்சீங்களே," என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.  

"இது ரெண்டும் ஒரே ஒடம்புல ஆவாது, கவுண்டரே. ஒண்ண எடுத்துக்குங்க."

இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். வெட்கம் கெட்ட சிரிப்பு ஒன்று வந்து போனது. சுருக்குப்பையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, நீல அட்டையை என் பக்கம் தள்ளினார். எழுந்தார். தாழை எடுத்துக் கதவைத் திறந்தவர், வாசலில் நின்ற தன் ஊரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"ஒவ்வொருத்தரா போங்க. கூட எவனும் போவக்கூடாது. நானும் வர மாட்டேன்."

நீங்கள் போகிற ஊரில் இதைச் சொல்ல ஒரு கவுண்டர் இருக்க மாட்டார். நீங்களே எழுந்து போய்க் கதவைச் சாத்துங்கள்.